வீட்டிற் செய்யும் பொறிக்கு ஏற்ற தண்டவாளம்



ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. தன் குறையை மறைத்துப் பிறிதொன்றின்மேற் பழிபோடுவோரைச் சுட்டுவதற்கு இது பயன்படுகிறது. ஆயினும், கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால், எத்துணைத் திறமை வாய்ந்த நர்த்தகியும் அதிற் செம்மையாக ஆடுதல் இயலாது. இவ்வுண்மையை ஆடலரங்கைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும் இடம் ஒன்று உண்டு. இளைஞர் பலர் இக்காலத்தில் வீட்டு விறாந்தையிலும் கொட்டிலிலும் வைத்துத் தம் கையாற் செய்ய முயலும் கணினிப் பொறியே அது. சி.என்.சி. பொறி என்று அதனைச் சுருக்கமாக வழங்குவர்.

மரம், பிளாஸ்ரிக், அலுமினியம் முதலியவற்றைக் கணினி தரும் எண்களின்படி தானாகவே வெட்டிச் செதுக்கும் கருவி இது. சுழலும் வெட்டலகு ஒன்று இடம் வலமாகவும், முன் பின்னாகவும், மேல் கீழாகவும் நகர்கின்றது. ஒவ்வொரு திசைக்கும் ஒரு மோட்டாரும், அது திருப்பும் நீண்ட திருகாணியும் உண்டு. இவற்றோடு ஒவ்வொரு திசைக்கும் ஒரு வழித்தடமும் வேண்டும். அவ்வழித்தடமே தண்டவாளம், அதன்மேல் ஓடும் உறுப்பே நேர்கோட்டுப் பெயாரிங். எவ்வளவு தூரம் செல்வது என்பதைத் தீர்மானிப்பது மோட்டார். எந்த வழியே செல்வது என்பதைத் தீர்மானிப்பது தண்டவாளம். இவ்விரண்டனுள் முன்னதைப் பற்றியே பெரும்பாலோர் சிந்திக்கின்றனர். பின்னதை மறந்துவிடுகின்றனர்.

இளைஞர் ஒருவர் ஈராண்டு காலம் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தைக் கொண்டு இத்தகைய பொறியொன்றைச் செய்யத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வலிமை மிக்க மோட்டார்களையும் அவற்றை ஆளும் மின்னணுப் பலகையையும் முதலில் வாங்கிவிடுகிறார். எஞ்சிய சிறு தொகைக்கு 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தண்டுகள் கிடைக்கின்றன. பலகையால் ஒரு சட்டம் அடித்து, அதிலே தண்டுகளைப் பொருத்திப் பொறியை இயக்குகிறார். வட்டம் வெட்டப் பணித்தால் முட்டை வடிவம் வருகின்றது. ஒரே ஆழத்தில் ஓடவேண்டிய கோடு, நடுவில் ஆழ்ந்தும் ஓரங்களில் மேவியும் விழுகின்றது. கணினியின் கட்டளைகளை மாற்றிப் பார்க்கிறார், பயனில்லை. கடன்பட்டு வேறு மோட்டார் வாங்கிப் பார்க்கிறார், அதுவும் வீண். ஈற்றிற் பொறி மூலையிலே சாக்குப் போர்த்துக் கிடக்கின்றது. “இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது, தம்பி” என்று அயலவர் ஆறுதல் சொல்கின்றனர். இங்கே பழுதுபட்டது பொறி மட்டுமன்று. தன் கையால் ஒன்றை ஆக்கலாம் என்ற நம்பிக்கையுமாகும். பணத்தை மீண்டும் சேர்க்கலாம். நம்பிக்கையைச் சேர்ப்பது அத்துணை எளிதன்று. ஆதலின் இவ்விளைஞர் எவ்விடத்தில் தவறினார் என்பதை ஆராய்தல் தகும்.

எண்களின் கட்டளைக்கு அடங்கி இயங்கும் பொறியின் வரலாறு இதற்கு விளக்கந் தரும். ஹெலிகொப்ரரின் சுழலிதழ்களைச் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த ஜோன் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கர், வளைந்த வடிவங்களை எண்களைக் கொண்டு வெட்டலாம் என்னும் எண்ணத்தை முன்வைத்தார். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிலையத்தினர் அதனை வளர்த்து, துளையிட்ட காகித நாடாவினால் இயங்கும் துருவற் பொறியை 1952 ஆம் ஆண்டிற் செய்து காட்டினர். ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர்கள் பொறியின் உடலைப் புதிதாகச் செய்யவில்லை. தொழிற்சாலைக்கென முன்னரே செய்யப்பட்டிருந்த கனத்த துருவற் பொறியொன்றை எடுத்து, அதற்கு மூளையைப் பூட்டினர். நேரிய வழித்தடம் அதில் ஏற்கெனவே இருந்தது. வீட்டிற் பொறி செய்யும் இளைஞருடைய நிலை இதற்கு நேர்மாறானது. அன்று ஒரு கூடத்தை அடைத்துநின்ற மூளை இன்று உள்ளங்கை அளவுப் பலகையாக மலிவாகக் கிடைக்கின்றது. கிடையாதது அந்தக் கனத்த உடலும் நேரிய வழித்தடமுமே.

வழித்தடத்தின் அருமையை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 1800 ஆம் ஆண்டையொட்டி இலண்டனிலே ஹென்றி மோட்ஸ்லி திருகாணி வெட்டும் கடைசற் பொறியை ஆக்கியபொழுது, உளியை மனிதன் கையினின்றும் எடுத்து, நேரிய வழித்தடத்தில் நகரும் தாங்கியிற் பொருத்தினார். அவரிடம் வேலை பழகிய ஜோசெப் விற்வேர்த், மெய்யான சமதளத்தை ஆக்கும் முறைபற்றி 1840 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தேய்த்தால், ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருக்கும்போதும் அவை பொருந்திவிடும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டால் அவ்வேமாற்று நடவாது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, பொறுமை ஒன்றையே முதலாகக் கொண்டு நேர்மையைப் பெறலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, இன்று கிடைக்கும் தண்டவாள வகைகளை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

எல்லாவற்றிலும் எளியது மேசை லாச்சிகளிற் பூட்டும் வழுக்கி. அது லாச்சியைத் திறந்து மூடுவதற்குச் செய்யப்பட்டது, பக்கவாட்டில் ஆடும். பேனை பிடித்துப் படம் வரையும் சிறு பொறிக்கு அமையுமேயன்றி, மரம் வெட்டுதற்கு ஆகாது.

இரண்டாவது வகை, இரு முனைகளில் மட்டும் தாங்கப்பெற்ற உருண்டைத் தண்டு. அதன்மேல் ஓடும் குழாய் வடிவப் பெயாரிங்கினுள்ளே சிறு உருக்குக் குண்டுகள் வரிசைவரிசையாகச் சுற்றி வருகின்றன. 8 மில்லிமீற்றர் தண்டுக்குரிய பெயாரிங் 15 மில்லிமீற்றர் வெளி விட்டமும் 24 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. இது மலிவானது, பொருத்துவதற்கும் எளிது. தண்டுகள் சிறிது பிசகினாலும் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆயினும், இதற்குரிய தண்டு மேற்பரப்பு கடினமாக்கப்பட்டு, அரைத்து மெருகிடப்பட்டதாக இருத்தல் வேண்டும். இரும்புக் கடையில் விற்கும் சாதாரணக் கம்பியை இட்டால், குண்டுகள் சில நாட்களிலேயே அதில் தடம் பதித்துவிடும். பழைய அச்சுப்பொறிகளிலிருந்து கழற்றிய தண்டுகளை வைத்திருப்போர், குண்டுப் பெயாரிங்கை விடுத்து, வெண்கலத்தாலோ பிளாஸ்ரிக்காலோ ஆகிய வெற்றுக் குழாயைப் பயன்படுத்துதல் நன்று.

இவ்வகையின் பெருங்குறை யாதெனின் வளைவு. அரை மீற்றர் நீளமுள்ள 8 மில்லிமீற்றர் தண்டுகள் இரண்டின் நடுவே, மோட்டாரும் அதன் பிடியுமாக 5 கிலோகிராம் பாரம் அமர்கின்றது எனக் கொள்ளலாம். தண்டின் முனைகள் வெறுமனே தாங்கப்பட்டிருப்பின், நடுப்பகுதி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் கீழே தாழும். வெட்டலகு ஒரு பக்கம் தள்ளும் விசை இதில் இன்னும் சேரவில்லை. வழக்கமான படிமோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகப் பகுத்து நடக்கும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்தும் திருகாணியோடு அது இணைந்தால், ஒரு படி என்பது ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு. மோட்டார் இத்துணை நுணுக்கமாக எண்ணி எண்ணி அடிவைக்க, அதனைத் தாங்கும் தண்டோ அறுபது படிகளுக்குச் சமமான அளவு வளைந்து கிடக்கின்றது. மோட்டார் இதனை அறியாது, கணினியும் அறியாது. மேற்சொன்ன இளைஞரின் பொறி செய்த பிழையிற் பெரும்பகுதி இங்கேதான் பிறந்தது.

இதற்குப் பரிகாரம் கணிதத்திலேயே உண்டு. தண்டின் விட்டம் இரட்டித்தால் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகப் பெருகும். ஆகவே 8 மில்லிமீற்றருக்குப் பதிலாக 16 மில்லிமீற்றர் தண்டை இட்டால், மேற்கூறிய ஒன்றரை மில்லிமீற்றர் தாழ்வு பத்தில் ஒரு மில்லிமீற்றராகச் சுருங்கும். அதே 16 மில்லிமீற்றர் தண்டை ஒரு மீற்றர் நீளத்துக்கு நீட்டினால், தாழ்வு மீண்டும் முக்கால் மில்லிமீற்றரை எட்டிவிடும். வேலைக்கு வேண்டிய அளவிலும் பெரிய பொறி செய்ய ஆசைப்படுவோர் இவ்வெட்டு மடங்கு விதியை நினைவில் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது வகை, அடிமுழுவதும் அலுமினியத் தாங்கியின்மேற் கிடக்கும் உருண்டைத் தண்டு. 16, 20 மில்லிமீற்றர் அளவுகளில் இது பெரிதும் வழங்குகின்றது. இடையிலே தொங்கல் இல்லாமையால் வளைவுக் குறை பெரும்பாலும் நீங்கிவிடுகின்றது. ஆனால், தாங்கி குறுக்கிடுவதால் பெயாரிங் முழு வளையமாக இருத்தல் இயலாது, அடியிலே திறந்திருக்கும். மேலிருந்து வரும் பாரத்தை அது நன்றாகத் தாங்கும். மேல்நோக்கி இழுக்கும் விசைக்கு அத்துணை வலிமை காட்டாது. இக்குறையை அறிந்து அமைத்தால், மரவேலைக்கு இது போதிய துணையாகும்.

நான்காவது வகையிற் குண்டுகள் ஓடும் தண்டவாளமே இல்லை. அலுமினியச் சட்டத்தின் ஓரத்தில் உள்ள பள்ளத்திலே பிளாஸ்ரிக் சக்கரங்கள் உருள்கின்றன. சட்டமே தண்டவாளமாகவும் அமைதலால் செலவு குறைகின்றது. மரத்தூள் விழுந்தாலும் சக்கரம் அதனைத் தள்ளிக்கொண்டு ஓடும். ஆனால் அழுத்தினால் பிளாஸ்ரிக் நசியும். நெடுநாள் ஓரிடத்தில் நின்றால் சக்கரத்தில் தட்டை விழுதலும் உண்டு. ஒளிக்கற்றையால் எழுத்துப் பொறிப்பது போன்ற, எதிர்விசை இல்லாத வேலைகளுக்கு இது மிகப் பொருத்தம்.

ஐந்தாவது வகையே தொழிற்சாலைகள் போற்றும் சதுரத் தண்டவாளம். யப்பான் நாட்டு நிறுவனமொன்று 1972 ஆம் ஆண்டில் இதனை ஆக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று தைவானிலும் சீனாவிலும் பெருந்தொகையாகச் செய்யப்படுகின்றது. உருக்குச் சட்டத்தின் இரு பக்கங்களிலும் குண்டுகள் ஓடும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கவ்விக்கொண்டு உருக்குக் கட்டையொன்று ஓடும். நான்கு வரிசைக் குண்டுகளைச் சாய்வாக அமைத்திருப்பதால், மேல், கீழ், இடம், வலம் என்னும் நான்கு புறத்து விசைகளையும் ஒப்பத் தாங்கவல்லது. ஆட்டம் சிறிதும் இல்லை. கட்டையைத் தண்டவாளத்தினின்றும் கழற்றும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். அதனோடு வரும் பிளாஸ்ரிக் துண்டின்மேல் ஏற்றாமல் இழுத்துவிட்டால், குண்டுகள் நிலத்திற் சிதறிவிடுதலும் கூடும்.

இதைக் கேட்டதும், பணத்தை எல்லாம் இவ்வைந்தாம் வகைக்கே செலவிடுதல் அறிவுடைமை என்று தோன்றலாம். அங்கேதான் இரண்டாவது தவறு காத்திருக்கிறது.

15 மில்லிமீற்றர் அகலமுடைய தண்டவாளத்தின் ஒரு கட்டை தாங்கவல்ல இயங்குபாரம் ஏறத்தாழ ஒரு தொன் எனலாம். அத்துணைப் பாரத்தோடு ஓடினால் அதன் ஆயுள் 50 கிலோமீற்றர் என்பது கணக்கு. பாரம் பாதியானால் ஆயுள் எட்டு மடங்காகும். வீட்டுப் பொறியில் ஒரு கட்டையின்மேல் வரும் பாரம் 10 கிலோகிராம் என்றால், கணக்கின்படி ஆயுள் 5 கோடி கிலோமீற்றர். பூமியிலிருந்து சந்திரனுக்கு 65 தடவைகள் போய்த் திரும்பும் தூரம் அது! ஆகவே, பாரத்தினால் இத்தண்டவாளம் வீட்டுப் பொறியில் தேய்ந்தொழியும் என்ற அச்சம் வேண்டா. இன்னும் பெரிய அளவினை வாங்குவதாற் பயனும் இல்லை. அதனைக் கெடுப்பன வேறு இரண்டு. ஒன்று தூசி, மற்றொன்று கோணலான அடித்தளம்.

இத்தண்டவாளம் வலிமை வாய்ந்ததாயினும் தனித்து நிற்கும் தூண் அன்று. 60 மில்லிமீற்றருக்கு ஒரு திருகாணியாக அடித்தளத்தோடு இறுக்கப்படும்போது, அத்தளத்தின் வடிவத்தையே தானும் பெறுகின்றது. தளம் நேரானால் தண்டவாளமும் நேராகும். தளம் வளைந்திருப்பின் விலையுயர்ந்த தண்டவாளமும் வளைந்தே கிடக்கும். மேலும், இரண்டு தண்டவாளங்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருத்தல் வேண்டும். இவ்வளவிற் பொறுக்கத்தக்க பிழை ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு வரையுமே. தலைமயிரின் தடிப்பைவிடக் குறைந்தது அது. உருண்டைத் தண்டு மன்னித்துவிடும் பிசகைச் சதுரத் தண்டவாளம் மன்னிக்காது. ஓரிடத்தில் இறுகும், வேறோரிடத்தில் தளரும். மழைக்காலத்தில் ஈரமுறிஞ்சி ஊதும் அழுத்துபலகையின்மேல் இதனைப் பூட்டுதல், மணல்மேல் மாடி கட்டுவதற்கு ஒப்பாகும்.

அப்படியாயின் தளத்தைச் சோதிக்கப் பெரிய கருவிகள் வேண்டுமோ? வேண்டா. தச்சர் கையில் உள்ள நூலே போதும். சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஒரே உயரமுள்ள ஆணிகளை நாட்டி, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல்களை இறுகக் கட்டவேண்டும். நடுவில் அவை ஒன்றையொன்று மெல்லத் தொட்டு நின்றால் சட்டத்தில் முறுக்கம் இல்லை. மேல்நூலைக் கீழாக மாற்றிக் கட்டியபோதும் அவ்வாறே தொடுகின்றதா என்று பார்க்கவேண்டும். இடைவெளி தோன்றினாலோ, ஒன்றையொன்று அழுத்தினாலோ, ஒரு மூலை ஏறி அல்லது இறங்கி நிற்கின்றது என்பது தெளிவு. அதே நூல்களின் நீளத்தை ஒப்பிட்டால் சட்டம் சதுரமா என்பதும் புலப்படும். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருக்க, குறுக்கு நீளங்களும் சமமாயின் மூலைகள் செங்கோணமாகும். வட்டம் முட்டையாவதற்கு இம்மூலைப் பிசகும் ஒரு காரணம். நூல் பருமையான பிழையைக் காட்டிக்கொடுக்கும். அதற்கப்பாலுள்ள நுண்ணிய பிழையைத் தேட முள்ளுடன் கூடிய டயல் மானி ஒன்று உதவும்.

பூட்டும் முறையிலும் ஒழுங்கு உண்டு. முதலில் ஒரு தண்டவாளத்தை நேரான விளிம்பொன்றோடு அணைத்து, நடுவிலிருந்து இரு முனைகளையும் நோக்கி இறுக்கவேண்டும். இதுவே தலைமைத் தண்டவாளம். இரண்டாவதைத் தளர்வாக வைத்து, மேலே குறுக்குத் தகட்டைப் பூட்டி, அத்தகட்டைத் தள்ளிக்கொண்டே, அது நிற்கும் இடத்திலுள்ள திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கிச் செல்லவேண்டும். இவ்வாறு செய்தால், இரண்டாவது தண்டவாளம் முதலாவதைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

கட்டைகளின் இடைத்தூரமும் கருத்திற் கொள்ளத்தக்கது. ஒரு தண்டவாளத்தில் இரண்டு கட்டைகள் 100 மில்லிமீற்றர் இடைவெளியில் உள்ளன. அவற்றிடையே நூறில் ஐந்து பங்கு மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கின்றது. வெட்டலகோ 200 மில்லிமீற்றர் கீழே தொங்குகின்றது எனின், அலகின் நுனியில் அவ்வாட்டம் இரட்டித்துவிடும். ஆதலின் கட்டைகளை அகல வைத்தலும், அலகின் தொங்கலைக் குறைத்தலும் செலவின்றியே கிடைக்கும் செம்மையாகும்.

தூசியைப் பற்றிச் சொல்லவேண்டுவது சிறிதே. தண்டவாளத்தை மரத்தூள் நேரே விழாத பக்கமாகத் திருப்பிப் பூட்டுதல், மேலே ஒரு மறைப்பு இடுதல், வேலை முடிந்ததும் துணியாற் துடைத்தல், காலந்தோறும் லிதியம் கிறீஸ் அளவாக இடுதல் ஆகிய இவை போதும். துருப்பிடித்த திருகாணியை இளக்கத் தெளிக்கும் மெல்லிய எண்ணெய் இதற்கு மசகு ஆகாது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஒரு முறைமை புலனாகும். எழுத்துப் பொறித்தலும் படம் வரைதலும் வேலையாயின் சக்கரமோ குறுகிய உருண்டைத் தண்டோ அமையும். மரம் செதுக்குவதற்கு, அடி தாங்கிய 16 அல்லது 20 மில்லிமீற்றர்த் தண்டு தகும். தளத்தைச் செம்மை செய்யும் பொறுமை உடையோர் 15 மில்லிமீற்றர்ச் சதுரத் தண்டவாளத்தை நாடலாம். அலுமினியம் வெட்ட விரும்புவோர் சதுரத் தண்டவாளத்தையும், அதனினும் முதன்மையாகக் கனத்த உலோகத் தளத்தையும் கொள்ளவேண்டும். செலவு செய்யும் வரிசையிலோ, தளம் முதலாவது, தண்டவாளம் இரண்டாவது, மோட்டார் மூன்றாவது. பிழையான மோட்டாரைக் கழற்றி வேறொன்றைப் பூட்ட ஒரு மாலைப்பொழுது போதும். பிழையான தளத்தைத் திருத்துவதென்றால் பொறி முழுவதையும் பிரித்தல் வேண்டும்.

மூலையிலே சாக்குப் போர்த்துக் கிடக்கும் அப்பொறிக்கும் இன்னும் விமோசனம் உண்டு. அதன் மோட்டார்கள் பழுதானவையல்ல, கணினியும் குற்றமற்றது. அவ்விளைஞர் சாக்கை நீக்கி, நான்கு ஆணிகளையும் இரண்டு நூல்களையும் எடுத்துக்கொண்டு தொடங்கலாம். எந்த மூலை கோணல் என்று நூல் சொல்லிவிடும். அதனைத் திருத்திய பின், மெல்லிய தண்டை நீக்கித் தடித்த தண்டை இடலாம். முன்பு கடன்பட்டு வாங்கிய மேலதிக மோட்டாரை விற்றால் அதற்குரிய பணத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். கூடத்தின் கோணலை நீக்கிவிட்டால், ஆடத் தெரிந்தவர் ஆடிக் காட்டுவதற்குத் தடையேதும் இல்லை.